24 பிட் ஆல்பம் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை. கோளாறு எதில்?

சத்துவாச்சாரி_குமரன்

வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போக வர பஸ்ஸில் பாட்டுதான் துணை. தீபாவளி போனஸில் ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்றும், போனில் செருகும் சின்ன டிஏசி (எண்களாக இருக்கும் பாட்டை ஒலியாக மாற்றும் கருவி) ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. அப்புறம் ஒரு தளத்தில் பழைய சினிமாப் பாட்டுத் தொகுப்பு ஒன்றை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தார்கள். காசு கொடுத்து இறக்கினேன். பத்துப் பாட்டு, ஒன்றரை ஜிபி.

நைட் ஷிப்ட் இல்லாத ஒரு நாள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அதே பாட்டை யூடியூபில் ஒரு தடவை, இதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். வாங்கினதில் சத்தம் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். வயலின் வரும் இடத்தில் ஏதோ பளபளப்பு தெரிகிற மாதிரி இருந்தது. நான்காவது தடவை கேட்டபோது அதுவும் போய்விட்டது.

காதில் கோளாறா, டிஏசியிலா, இல்லை அந்தப் பாட்டிலேயே ஒன்றும் இல்லையா? வயது 34. இளையராஜா, நாதஸ்வரம், மிருதங்கம் மூன்றும் உயிர். வெளிநாட்டு இசை கேட்டுப் பழக்கமில்லை, சொன்னால் கேட்கிறேன். இதுதான் நல்ல பதிவு என்று எனக்கே விளங்குகிற மாதிரி ஒன்றிரண்டு காட்டினால் போதும்.

காட்பாடி_ஜங்ஷன்

குமரன், முதலில் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் சாதாரண பிளேயரில் போட்டால் பெரும்பாலான போன்கள் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது ஒலியை நொடிக்கு 48,000 தடவை அளந்த கணக்குக்கு, மாற்றித்தான் வெளியே அனுப்பும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி, நேராக டிஏசிக்கே அனுப்பும் ஆப் ஒன்று வேண்டும். சில டிஏசியில் சின்ன விளக்கு இருக்கும், ஃபைலுக்கு ஏற்ப நிறம் மாறும். உங்களுடையதில் இருந்தால் கவனியுங்கள்.

ஒயர் ஹெட்போன் வாங்கியது நல்ல முடிவு. ப்ளூடூத்தில் உயர்தரத்துக்கென்று வந்த எல்டாக் முறை கூட அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்தான். சாதாரண சிடியே 1,411.

மைக்செட்_மகன்

தம்பி குமரன், உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. பளபளப்பு தெரிந்தது, நான்காவது தடவை போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கியவர் பலரும் அந்தப் பளபளப்பை விடாமல் பிடித்துக்கொள்வார்கள்.

காட்பாடிக்காரர் சொன்னது சரி. ஆனால் எனக்குச் சந்தேகம் அந்த ஃபைல் மேல்தான். ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டு, பாட்டை அதற்குள் இழுத்து விடுங்கள். பாட்டில் உள்ள ஒலிகளை வண்ணப் படமாகக் காட்டும். கனத்த ஒலி கீழே, மேலே போகப் போகக் கீச்சொலி. 192 என்று விற்ற ஃபைலில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கும். படம் 22 பக்கத்தில் கத்தியால் வெட்டினாற்போல் நின்று, அதற்கு மேல் ஒரே கறுப்பாக இருந்தால், சிடி தரத்தில் இருந்ததை எடுத்துப் பெரிய டப்பாவில் போட்டு விற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 16-லேயே நின்றால் இன்னும் மோசம், மட்டமான எம்பி3-லிருந்து வந்திருக்கக்கூடும்.

நானும் ஏமாந்தவன்தான். சில வருஷம் முன்னால் ஒரு தளத்தில் நான்கு ஆல்பம் வாங்கினேன். மூன்று 22-ல் நின்றன. எழுதிக் கேட்டதற்கு, எங்களுக்கு வந்ததை அப்படியே விற்கிறோம் என்று பதில் வந்தது. பணம் வரவில்லை.

22 ஏன் என்றால், ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறோமோ அதில் பாதி வரைக்கும்தான் பிடிக்க முடியும். 1982-ல் சிடி வந்தபோது நொடிக்கு 44,100 தடவை என்று வைத்தார்கள். ஆகவே 22,050 ஹெர்ட்ஸ் வரை வரும். மனிதக் காது 20,000 வரை, அதுவும் இளவயதில். எனக்கு 51 ஆகிறது. சோதனை ஒலி போட்டால் 13,000-க்கு மேல் எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

அப்படியானால் 96, 192 எல்லாம் எதற்கு? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரத் தட்டுகளை நேராக ஒரு தடவை, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவை என்று, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். சரியாகச் சொன்னது 52.3 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். பயிற்சி எடுத்துக்கொண்டவர்கள் மட்டும் இதைவிட நன்றாகச் சொன்னார்கள்.

ஆனால் மேயரும் மோரனும் இன்னொன்றும் எழுதினார்கள், அதுதான் எனக்கு முக்கியம். அவர்கள் எடுத்துக்கொண்ட உயர்தரத் தட்டுகள் அனேகமாக எல்லாமே வழக்கமான சிடிகளைவிட நன்றாக ஒலித்தன. சிடி தரத்துக்கு இறக்கிய பிறகும் அந்த நயம் போகவில்லை! நல்ல கருவியில் நிதானமாகக் கேட்கிறவர்களுக்கென்று அக்கறையாகப் பதிவு செய்திருந்தார்கள். நயம் அந்த அக்கறையிலிருந்து வந்தது.

எங்கள் அப்பா ஆற்காட்டில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாண வீட்டில் ரெக்கார்டு போடும் முன், ஊசியைக் கழற்றி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முனையில் ஒரு இழை தூசி இருந்தாலும் வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி பிடித்துப் பார்ப்பார். குழாய் ஸ்பீக்கரில் அது யாருக்குத் தெரியப் போகிறது என்று நான் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல மாட்டார், துடைப்பார். மைக் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவர் செய்தது எனக்குப் புரிந்தது.

எட்டு வருஷமாக நான் தெருக்கூத்து பதிவு செய்கிறேன். கலவை, திமிரி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். முதல் வருஷம் 16 பிட்டில் வைத்தேன். சாயங்காலம் ஹார்மோனியத்தை வைத்து அளவு பார்த்து, முள் மேலே போகிற மாதிரி சரிசெய்தாயிற்று. பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்தான், பின்பாட்டு ஏறியது, முகவீணைக்காரர் எழுந்து முன்னால் வந்து ஊதினார். வீட்டுக்கு வந்து கேட்டால் அந்த ஊதல் முழுக்கக் கிழிந்து கிடந்தது. முழம் நீளம் கூட இல்லாத குழல், ஆனால் அதன் சத்தம் ஈட்டி மாதிரி பாயும். பாஞ்சாலி வஸ்திராபரணம் ராத்திரி முழுவதும் அப்படியே போயிற்று. அந்த முகவீணைக்காரர் அதற்குப் பிறகு அந்தக் குழுவில் இல்லை. ஈடு செய்யவே முடியாத ராத்திரி அது.

அடுத்த வருஷம் 24 பிட். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதுதான் பிட். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்று கணக்கு. மிக மெல்லிய ஒலிக்கும் மிக ஓங்கிய ஒலிக்கும் நடுவே 16 பிட்டில் 96 டெசிபல் இடைவெளி, 24-ல் காகிதக் கணக்குப்படி 144. அதனால் அளவை 18 டெசிபல் இறக்கி வைத்தேன். மூன்று பிட் போனாலும் 21 மிச்சம். முகவீணை எவ்வளவு பாய்ந்தாலும் கூரையில் இடிக்கவில்லை. வீட்டில் வந்து ஏற்றிக்கொண்டேன், இரைச்சல் கூடவில்லை. 24 பிட்டின் பெரிய உதவி இங்கேதான், பதிவு செய்கிற கையில். முடிந்ததைக் கேட்பதற்கு, ஒழுங்காகச் செய்த 16 பிட் பெரும்பாலும் போதும்.

ரெக்கார்டரைப் பந்தல் காலில் ஆள் உயரத்துக்குக் கட்டினேன். குழாய் ஸ்பீக்கருக்கு முதுகு, ஆட்டக்காரர்களுக்கு முகம். இப்போது அதை ஹெட்போனில் போட்டால், கட்டை வேஷக்காரர் சுழலும்போது தோளில் கட்டிய புஜக்கட்டை ஒன்றோடொன்று தட்டும் சத்தம் இடமிருந்து வலம் போகிறது. சலங்கை மண்ணில் விழுவதும், பலகையில் விழுவதும் வேறு வேறாகக் கேட்கிறது. பின்னால் பெஞ்சில் தாளக்காரர் தொண்டையைச் செருமுகிறார். தூரத்தில் ஒரு குழந்தை இருமுகிறது. நான் அன்று நின்ற இடம் அப்படியே வருகிறது. நல்ல பதிவு என்று நான் சொல்வது இதைத்தான்: எந்த இடம், எத்தனை பேர், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

முதலில் காசில்லாமல் தொடங்குங்கள். நார்வேயில் டூஎல் என்று ஒரு பதிவு நிறுவனம், நடத்துபவர் மோர்டன் லிண்ட்பெர்க். தேவாலயங்களில் வாத்தியக்காரர்களை மைக்கைச் சுற்றி உட்கார வைத்துப் பதிவு செய்வார்கள். ஒரே பதிவைச் சிடி தரத்திலிருந்து மிக உயர்ந்த தரம் வரை பல அளவுகளில் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். மூலம் ஒன்றுதான் என்பதால் உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நேர்மையான சோதனை இல்லை. அப்புறம் கிமிகோ இஷிசாகா என்ற பியானோக் கலைஞர். பாஹின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை வாசித்து, 2012-ல் உரிமையே வேண்டாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். தரம் குறையாமல் சுருக்கிய 24 பிட் ஃபிளாக் கோப்பாகவே கிடைக்கிறது. பியானோவில் ஒரு ஸ்வரம் அடங்கி அடங்கிக் கடைசியில் எங்கே முடிகிறது என்று அதில் தேடிப் பாருங்கள்.

நம் வாத்தியம் வேண்டுமானால் கவிச்சந்திரன் அலெக்சாண்டர் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பிறந்தவர், கலிபோர்னியாவில் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்று நடத்தியவர். 1992-ல் ஒரு ராத்திரி, சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில், மோகன வீணை (கிடாரை மாற்றிச் செய்த வாத்தியம்) வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டையும் அமெரிக்க கிடார்க்காரர் ரை கூடரையும் எதிரெதிரே உட்கார வைத்து நாடாவில் பதிவு செய்தார். இரண்டு மைக்கைக் குறுக்கே நிறுத்தி வைக்கும் ப்ளூம்லைன் முறை. அது 1931-ல் ஆலன் ப்ளூம்லைன் உரிமம் கேட்ட முறை. 1993-ல் வெளிவந்து, அடுத்த வருஷம் கிராமி வாங்கியது. சாதாரண சிடி தரத்திலேயே அந்த மோகன வீணையின் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை அடி என்று சொல்லிவிடலாம்.

வாடகை முறையில் கேட்க ஆப்பிள் மியூசிக். 2021-லிருந்து கூடுதல் காசு வாங்காமல் 24 பிட் 192 வரை கொடுக்கிறார்கள், ஆண்ட்ராய்டிலும் உண்டு. செட்டிங்ஸில் போய் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

இளையராஜாவைப் பற்றி ஒன்று. 80-களின் பாட்டுகள் காந்த நாடாவில் பதிவானவை. எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம். புதிதாக மெருகேற்றியது என்று வருவதில் பலவற்றைச் சத்தம் கூட்ட வேண்டுமென்று நசுக்கிவிடுகிறார்கள். மெல்ல வரும் புல்லாங்குழலும் ஓங்கி வரும் தாளமும் ஒரே உயரத்தில் நிற்கும். நீங்கள் வாங்கினதில் சத்தம் கூட என்றீர்களே, எனக்கு அங்கேயே உறுத்தியது. வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய சிடி எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நம்ம ஊர் மே மாதத்தில் அது நடக்காது, தெரியும். நான் மார்கழி, தை மாதங்களில் காலை நாலரைக்கு எழுந்து கேட்பேன். பாலாற்றுப் பாலத்தில் லாரி குறைவாக இருக்கும் நேரம். ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சரிசமமாக வையுங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகக் கேட்பதுதான் நல்லது என்று மனம் சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பிளேயரில் ஏபிஎக்ஸ் என்று ஒரு துணை நிரல் உண்டு, எது ஓடுகிறது என்று மறைத்துக் கேட்க வைக்கும். 16 தடவையில் 12 சரியாக வந்தால் நிஜமாகவே உங்களுக்குக் கேட்கிறது.

ஆரணி_பாலு

அண்ணா எழுதியதற்கு மேல் நாதஸ்வரம் பற்றி மட்டும் கொஞ்சம். என் மாமா கோயிலில் வாசிக்கிறவர்.

திமிரி என்றதும் நமக்கு ஆற்காடு பக்கத்து ஊர்தான் ஞாபகம் வரும். நாதஸ்வரத்திலும் திமிரி என்று ஒன்று உண்டு. குட்டையானது, சுருதி அதிகம். இப்போது பெரும்பாலும் வாசிப்பது நீளமான பாரி. அதை எல்லோரும் எடுத்துக்கொள்ளச் செய்தவர் நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை. இரண்டுமே வெட்டவெளிக்கான வாத்தியம். குழலின் விரிந்த வாயான அணசுக்குப் பக்கத்திலேயே மைக்கை நீட்டிப் பதிவு செய்கிறார்கள், காது எரிகிறது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, மண்டபத்துக் கல்லில் பட்டுத் திரும்பி வரும் சத்தமும் சேர்ந்து விழ வேண்டும். அப்படிப் பதிவு செய்தது குறைவு. கிடைத்தால் தரம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 சுற்றுத் தட்டுகளை 24 பிட், 96-ல் மாற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் அதையும் மோசடி என்று நினைக்க வேண்டாம். அந்தத் தட்டில் மேல் ஒலிகள் கிடையாதுதான். ஆனால் உலக ஒலிக் காப்பகச் சங்கமே குறைந்தது 24 பிட், 48 என்றும் 96 நல்லது என்றும் சொல்கிறது. கீறல் சத்தத்தை நுணுக்கமாகப் பிடித்தால்தான் அதைப் பிரித்து எடுக்க முடியும்.

மிருதங்கத்துக்கு நம்ம வேலூர் ராமபத்ரன். 2004-ல் சங்கீத கலாநிதி வாங்கியவர். பாட்டுக்கு இடையூறே இல்லாமல், அணைத்துக்கொண்டு போகிற வாசிப்பு. அவர் வாசித்த கச்சேரியில் தொப்பியில் (இடக்கைப் பக்கம்) கும்கி கொடுக்கும் இடங்களைக் கேளுங்கள். மட்டமான எம்பி3-ல் அது வெறும் தும் என்று விழும். நல்ல பதிவில் கை தோலில் அழுத்தி வழுக்குவது கேட்கும்.

சத்துவாச்சாரி_குமரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் ஆயிற்று, செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்பெக்கில் போட்டேன். பத்தில் ஒன்பது பாட்டு 22-ல் சுவர் மாதிரி நிற்கிறது. ஒன்று 16-ல். படத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஆனால் என் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று ஒரு நிம்மதியும் வந்தது.

டூஎல் தளத்திலிருந்து ஒரு வயலின் துண்டை இரண்டு அளவில் எடுத்து, மறைத்துக் கேட்டேன். 16-க்கு 9. ஆக, எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டுமே, சிடி அளவில் இருந்ததும்கூட, இதுவரை நான் கேட்ட எதைப் போலவும் இல்லை. வில் கம்பியைத் தொடும் முன் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. மூன்று தடவை போட்டுக் கேட்டேன், மூன்று தடவையும் கேட்டது.

அப்புறம் அந்தப் பியானோ. கடைசி ஸ்வரம் அடங்குவதைத் தேடச் சொன்னீர்களே, ஃபேன் ஓடியதால் பாதியிலேயே காணாமல் போயிற்று. எழுந்து நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். வெகுநேரம் இருந்தது. என் மனைவி விழித்துக்கொண்டு ஏன் ஃபேனை நிறுத்தினீர்கள் என்றாள். ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். முடிகிற வரைக்கும் பேசவில்லை.

அண்ணா, ஒன்று கேட்கலாமா? அந்தக் கூத்துப் பதிவை எங்காவது போட்டிருக்கிறீர்களா?

மைக்செட்_மகன்

16-க்கு 9 என்று அப்படியே எழுதினீர்கள், சந்தோஷம். மூச்சுச் சத்தம் பிடித்துவிட்டீர்கள், இனி நல்ல பதிவைத் தேட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பதிவை இணையத்தில் போடவில்லை. ஆட்டக்காரர்களின் உழைப்பு அது, அவர்கள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். வாத்தியார் ஒருவர் அதை வைத்துத்தான் பேரனுக்குப் பாட்டு சொல்லித் தருகிறார்.

சித்திரையில் கலவை பக்கம் ஒரு கோயிலில் பாரதம் வைக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு அன்று போகிறேன். உங்களுக்கு ஷிப்ட் இல்லையென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிக்கு நிற்கிறேன். ரெக்கார்டரில் இரண்டு ஹெட்போன் மாட்ட ஒரு பிரிப்பான் இருக்கிறது. உங்கள் ஹெட்போனை எடுத்து வாருங்கள். வீட்டம்மாவும் வருவதானால் ஒரு ஜமுக்காளம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், விடிய விடிய மண்ணில் உட்கார வேண்டியிருக்கும்.